படகு ட்ரெய்லரின் பின் லைட் பழுது: மூன்றாவது புகார்க் கடிதம்

முல்லைத்தீவு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் வவுனியாக் காட்சியறையில் 76 நாட்களுக்கு முன் வாங்கிய, 18 அடி வள்ளம் ஏற்றும் சாய்வு ட்ரெய்லரின் பின் லைட்டுகள் இன்றுவரை ஒழுங்காக எரியவில்லை. முதல் இரண்டு கடிதங்களுக்கும் கிடைத்தது 'உங்கள் முறைப்பாடு பெறப்பட்டது' என்ற குறுஞ்செய்தி மட்டும். தொலைபேசியில் பதினொரு தடவை, நேரில் மூன்று தடவை. கோபத்தில் எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழுது இதுதான். பிக்கப்பில் கொழுவி, பிளக்கைச் செருகி, இடது சிக்னல் போட்டால் இடது பல்பின் சிக்னல் இழை எரிவதில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கப் பின் லைட் இழையும் மங்கலாக மின்னும். பின் லைட்டைப் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தால் பின் லைட் அணைந்து போகும். காலை எடுத்தால் திரும்ப வரும். வயரிங் வேலை தெரிந்தவருக்கு இதைச் சொல்லி முடிக்க முதலே விடை தெரிந்துவிடும்: எர்த் இல்லை, அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பி வரும் வழி இல்லை. 21 வோட்ஸ் இழையும் 5 வோட்ஸ் இழையும் ஒரே பல்புக்குள், ஒரே உடலில் இருக்கின்றன. எர்த் அறுந்தால் கரண்ட் போக வழியில்லாமல் பக்கத்து இழைக்குள் புகுந்து, மற்ற வயர் வழியாகப் பிக்கப்புக்கே திரும்பி ஓடும். பல்பு என்ன செய்யும், பாவம்.

ஆனால் உங்கள் ஆட்கள் மூன்று தடவையும் செய்த ஒரே வேலை பல்பு மாற்றியதுதான். கழற்றிய ஆறு பல்பையும் வாங்கி வைத்திருக்கிறேன். நேரே பற்றரியில் பிடித்துப் பார்த்தேன். ஆறிலும் இரண்டு இழையும் எரிகின்றன.

நான் செய்த சோதனையை வரிசையாகவே எழுதுகிறேன். முதலில் டெஸ்ட் லாம்பின் (கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சிறு விளக்கின்) கிளிப்பைப் பிக்கப் பற்றரியின் நெகடிவ் முனையில் மாட்டி, பிளக்கில் பழுப்பு (பின் லைட்), மஞ்சள் (இடது), பச்சை (வலது) மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். மூன்றிலும் கரண்ட் வருகிறது. பிறகு அதே மூன்று வயரையும் லைட்டின் பின்பக்கத்தில் தொட்டேன். அங்கும் வருகிறது. அதாவது போகிற பாதையில் குறை இல்லை. அதன் பின் நீள வயர் ஒன்றைப் பற்றரி நெகடிவிலிருந்து நேராக இழுத்து லைட்டின் உடலில் வைத்தேன். வைத்த உடனே பளிச்சென்று எரிந்தது. எடுத்தேன், மங்கியது. மல்ரிமீற்றரை எடுத்து, பின் லைட்டும் பிரேக்கும் எரியும்போது ட்ரெய்லரின் பின் சட்டத்துக்கும் பற்றரி நெகடிவுக்கும் இடையில் அளந்தால் 6.4 வோல்ட் காட்டுகிறது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது. பாதிப் பற்றரி திரும்பும் பாதையிலேயே கரைந்து போகிறது.

ஏன் என்று தேட அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. உங்கள் ட்ரெய்லர் இரண்டு துண்டு. முன்னால் கொழுவுகிற நீள இரும்பு ஒன்று, வள்ளம் கிடக்கிற சட்டம் மற்றது. வள்ளத்தைத் தண்ணீருக்குள் சரித்து விட வசதியாக இரண்டும் நடுவில் ஒரு பின்னில் (அச்சாணியில்) சாய்கின்றன. வெள்ளை எர்த் வயரை உங்கள் தொழிற்சாலை முன் இரும்பில் ஒரே ஒரு ஸ்குரூவால் முடுக்கி முடித்துவிட்டது. லைட்டுகள் இருப்பதோ பின் சட்டத்தில். அப்படியென்றால் லைட்டிலிருந்து திரும்புகிற கரண்ட் முழுவதும் அந்தச் சாய்கிற பின்னைக் கடந்துதான் வர வேண்டும். பின்னைச் சுற்றி என்ன இருக்கிறது? நைலோன் புஷ், அதாவது பிளாஸ்ரிக் உறை. அதற்கு மேல் கிறீஸ். நைலோனுக்குள்ளாலும் கிறீஸுக்குள்ளாலும் கரண்டைக் கூட்டி வரலாம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? இரண்டு பிரேக் இழையும் இரண்டு பின் லைட் இழையும் சேர்ந்தால் 52 வோட்ஸ். 12 வோல்ட்டில் நாலரை அம்பியருக்குக் கிட்ட. இவ்வளவும் அந்தப் பின்னின் ஓரத்தில் எங்கேயாவது இரும்பில் இரும்பு உரசினால்தான் ஓடும். குழியில் விழுந்தால் வரும், அடுத்த குழியில் போகும். அந்த ஸ்குரூவையும் கழற்றிப் பார்த்தேன். எர்த் வயரின் முனை வளையத்துக்குக் கீழே கறுப்புப் பெயின்ட் சுரண்டப்படாமல் முழுசாக இருக்கிறது.

இனி அந்தத் தொலைபேசி உரையாடல். உங்கள் அழைப்பு நிலையத்தில் பேசியவரின் பெயர் எனக்குத் தெரியும்; இங்கே எழுதவில்லை. 'நீங்கள் ட்ரெய்லரை உப்புத் தண்ணிக்குள்ள இறக்கினீங்களோ?' என்று கேட்டார். ஓம் என்றேன். 'அப்ப வொறண்டி இல்லை' என்றார். ஐயா, அது படகு ட்ரெய்லர். தண்ணீருக்குள் இறக்காமல் முற்றத்தில் நிறுத்தி வைத்துக் கோலம் போடவா? பிளக்கைக் கழற்றி, பல்பு சூடு ஆறும் வரை பார்த்திருந்துதான் இறக்குகிறேன். சூடான பல்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பதும், கரண்ட் இருக்கும்போது உப்புத் தண்ணீர் செம்பைத் தின்றுவிடும் என்பதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் சொன்ன பிறகு அவர் சொன்னது: 'லைட் இல்லாட்டி பகலில ஓடுங்கோவன்.' சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரக் குரல் சொன்னது. தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

பகலில் ஓடச் சொன்னவர் மாங்குளம் - முல்லைத்தீவு ஏ-34 வீதியில் இரவில் ஒருக்கால் வந்து பார்க்கட்டும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை குறுக்கே நிற்கும். மற்ற இடங்களில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் படுத்திருக்கும். சடுதியாகப் பிரேக் பிடிக்கத்தான் வேண்டும். பிரேக் பிடித்த நேரத்தில் பின் லைட்டும் சேர்ந்து அணைகிற ட்ரெய்லருக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தால் என்ன நடக்கும்?

மூன்றாவது பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் ஆட்கள் 'வள்ளத்தை இறக்கிவிட்டு ட்ரெய்லரைக் கொண்டு வாங்கோ' என்றார்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம், அங்கிருந்து ஏ-9 இல் வவுனியா. போக வர 190 கிலோமீற்றர் அளவு. காலை எட்டு மணிக்கு வந்து பிற்பகல் இரண்டு மணிவரை வாசலில் நின்றேன். கடைசியில் வந்த தொழில்நுட்பவியலாளர் பிக்கப்பில் கொழுவிப் பார்க்கவேயில்லை. ஒரு தனிப் பற்றரியை உருட்டிக்கொண்டு வந்து, கறுப்புக் கிளிப்பைப் பின் சட்டத்தில், லைட்டுக்கு ஒரு சாண் பக்கத்தில் மாட்டினார். சிவப்பால் ஒவ்வொரு வயராகத் தொட்டார். எல்லாம் எரிந்தது. எரியாமல் என்ன? இல்லாத எர்த்தை அவரே தன் கையால் கொடுத்துவிட்டாரே! 'எங்கட பக்கம் ஓகே, உங்கட வாகனத்தில பிழை' என்று எழுதி, இன்னொரு சோடி பல்பும் போட்டு, பரிசோதனைக் கட்டணம் 3,500 ரூபா எடுத்தார்கள். பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். மாங்குளம் தாண்ட முதலே லைட் போய்விட்டது.

தங்கள் பொருள் எந்த வழியால் எர்த் ஆகிறது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால் வாங்குகிறவர் யாரிடம் கேட்பது?

இன்னொரு பிழையும் இருக்கிறது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் தந்தது நாலு வயர்ப் பிளக்: வெள்ளை எர்த், பழுப்பு பின் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது. அது பிரேக்கும் சிக்னலும் ஒரே சிவப்பு இழையில் எரிகிற அமெரிக்க முறை. நம் ஊர் பிக்கப்பில் சிக்னல் மஞ்சளாகத் தனி, பிரேக் சிவப்பாகத் தனி. இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக் என்ற அந்த மூன்று கம்பியை இரண்டாக்க இடையில் ஒரு கன்வேட்டர் பெட்டி வேண்டும். உங்கள் ஆள் அது போடவில்லை. பிரேக் வயரை இரண்டு சிக்னல் வயரோடும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார். அதனால் பிரேக் மிதித்தால் டாஷ்போட்டில் இரண்டு அம்பும் எரிகின்றன. இடது சிக்னல் போட்டால் பிக்கப்பின் வலது சிக்னலும் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னுகின்றன. அந்த முறுக்கை அவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகத்தான் மேலே சொன்ன சோதனைகளைச் செய்தேன். எர்த்தைச் சரிப்படுத்தினாலும் இந்தப் பெட்டி இல்லாமல் வேலை முடியாது.

மற்றவை சில்லறை. மூட்டுகளில் வயரைக் கடித்துப் பிடிக்கிற நீலப் பிளாஸ்ரிக் கிளிப். கடித்த வெட்டுக்குள்ளால் உப்பு ஏறி, பத்துச் சென்ரிமீற்றர் உரித்தும் செம்பு கறுப்பாகவே வருகிறது. சட்டத்தின் துளையில் இறப்பர் வளையம் இல்லாமல் பழுப்பு வயர் உரசிப் பியூஸ் இரண்டு தடவை போனது. இடது லைட்டைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வடிய வேண்டிய துளை மேலே பார்க்கிறது, கிண்ணம் மாதிரித் தண்ணீரை ஏந்தி வைத்திருக்கிறது.

நட்டத்தையும் சொல்ல வேண்டும். வாடைக் காற்று எழும்ப முதல் வள்ளத்தை நாயாற்றுக் களப்பிலிருந்து நந்திக்கடல் களப்புக்கு ஏற்ற வேண்டும். அது விடியப்புறத்து வேலை. லைட் இல்லாததால் ஏழு தடவை ட்ரக்டர் வாடகைக்குப் பிடித்தேன். மூன்று பயணத்துக்கு 57 லீற்றர் டீசல். இறால் படுகிற நாட்கள் முழுவதும் உங்கள் வாசலிலும் தொலைபேசியிலும் போய்விட்டன. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐந்து இலட்சத்துக்குக் குறையாது. ட்ரெய்லரின் விலையே 485,000 ரூபாதான்.

உங்களிடம் கேட்பது பெரிய விடயமல்ல. ட்ரெய்லரைத் திரும்ப வவுனியாவுக்குக் கொண்டு வர மாட்டேன். நீங்கள் இங்கே ஆள் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு லைட்டின் உடலிலிருந்தும் பிளக்கின் வெள்ளைக் காலுக்குத் தனி எர்த் வயர் வர வேண்டும். சட்டத்தை நம்ப வேண்டாம். வயர் தகரம் பூசிய செப்பாக இருக்கட்டும். எர்த்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், மற்றதற்கு 1.5. சாய்கிற இடத்தில் வயருக்கு ஒரு முழம் தளர்வு விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சரிவிலேயே அறுந்துவிடும். மூட்டுகளுக்கு உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய். துளைகளுக்கு இறப்பர் வளையம் நாலு. கன்வேட்டர் பெட்டி ஒன்று. அத்துடன் 3,500 ரூபா திருப்பித் தரப்பட வேண்டும். நட்டஈட்டைப் பற்றிப் பிறகு மரியாதையாகப் பேசலாம்.

இந்தக் கடிதம் கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஆள் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதும், அதற்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 'அடுத்த கிழமை பாப்பம்' என்று நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள் என்பதும் இப்போது விளங்குகிறது. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் ட்ரெய்லரின் இரும்பும் சில்லும் நல்லவை, வயரிங்தான் வெட்கக்கேடு.

பற்றுச்சீட்டுப் பிரதி, 6.4 வோல்ட் காட்டும் மல்ரிமீற்றரின் படம், பெயின்ட்டோடு இருக்கும் ஸ்குரூவின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வருகிறவரிடம் மல்ரிமீற்றர் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். பல்பு வேண்டாம், இங்கே ஆறு கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்