தடுப்பூசி போடும்போது தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய குழந்தைநல மருத்துவர்களுக்கும், தடுப்பூசி அறையில் பணிபுரியும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் மகனுக்குத் தடுப்பூசி போட வந்தேன். எடை பார்த்தார்கள், நீளம் அளந்தார்கள், தலையைச் சுற்றி டேப் வைத்துக் குறித்துக்கொண்டார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். "டாக்டர், ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறான்" என்றேன். "எல்லாக் குழந்தையும் அப்படித்தாம்மா, போகப் போகச் சரியாயிடும்" என்றார். அடுத்த கேள்விக்கு நான் வாயெடுப்பதற்குள் வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தப் பதில் பொய்யில்லை. வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். ஆனால் எனக்கு இன்றைய ராத்திரியைத் தாண்டியாக வேண்டும். "போகப் போக" என்ற பதிலை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியவில்லை. அதனால் உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு தடுப்பூசிக்கும் நாங்கள் வரும்போது, குழந்தை எப்படித் தூங்குகிறது, அம்மா எப்படித் தூங்குகிறார் என்ற இரண்டு கேள்விகளையும் நீங்களே கேளுங்கள்.

முதல் மாதங்களில் எங்கள் வீட்டு ராத்திரி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பால் குடித்து முடித்துத் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். இறுக மூடியிருந்த கை மெல்லத் தளரும். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று அசையாமல் நிற்பேன். அப்புறம் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து படுக்க வைப்பேன். முதுகு விரிப்பில் பட்டதுதான் தாமதம், கீழே விழப்போகிறவன் போல இரண்டு கைகளையும் விரித்து உதறுவான். முகம் சிவக்கும், உதடு பிதுங்கும், ஒரே அலறல். திரும்பவும் தூக்கு, திரும்பவும் நட. ஒருவழியாக அவன் படுக்கையில் நிலைக்கும்போது அடுத்த பசிக்கு நேரமாகியிருக்கும். என் கணவரும் முறை வைத்து எழுந்திருக்கிறார். அது இல்லாத வீடுகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

கையை உதறுவது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல், ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும் என்பது உங்களுக்கு முதல் வருடப் பாடம். எனக்கு அது ஒரு நடுராத்திரியில் செல்போன் வெளிச்சத்தில் படித்துத் தெரிந்தது. அதுவரை, என் பாலில் ஏதோ குறை, என் கையில் ஏதோ குறை என்று அழுதுகொண்டிருந்தேன். பிறந்த குழந்தைக்கு ராத்திரி பகல் வித்தியாசமே தெரியாது, உடலின் கடிகாரம் ஓடத் தொடங்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. அதன் தூக்கத்தில் பாதி நேரம் முனகும், நெளியும், முகம் சுளிக்கும். அது விழிப்பு அல்ல, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஆழ்ந்துவிடும் என்பதையும் சொல்லவில்லை. நான்காம் மாதத்தை ஒட்டித் தூக்கத்தின் அமைப்பே மாறும், நன்றாகத் தூங்கத் தொடங்கிய குழந்தைகூட அப்போது அடிக்கடி எழும். இது தெரிந்திருந்தால், போன மாதம் எல்லாம் பழையபடி ஆனபோது நான் அப்படி உடைந்துபோயிருக்க மாட்டேன்.

இவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்களிடம்தான் வந்து சேரவில்லை.

இதில் உயிர்ப் பயமும் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது கண் சொக்கும். மனது வேண்டாம் என்றாலும் இமை கேட்காது. சோபாவில் குழந்தையோடு தூங்கிவிடுவதில், மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவே குழந்தை சிக்கி மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. அது தெரிந்த பிறகு, பாலூட்ட நான் வெறுந்தரையில்தான் உட்காருகிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் தொப்புளைச் சுத்தமாக வைப்பது பற்றி இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மல்லாக்கப் படுக்க வையுங்கள், படுக்கை தட்டையாக, உறுதியாக இருக்கட்டும், தலையணையும் மெத்தென்ற பொம்மையும் பக்கத்தில் வேண்டாம் என்றும் இல்லை. 1990-களில் பல நாடுகளில் மருத்துவர்கள் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அங்கெல்லாம் தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்குப் பாதி குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை. சொன்னார்கள், பெற்றோர் கேட்டார்கள், குழந்தைகள் பிழைத்தார்கள். உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியத்துக்கு அவ்வளவு பலம் இருக்கும்போது அதை ஏன் எங்களுக்குத் தர மறுக்கிறீர்கள்?

நீங்கள் பேசாத இடத்தில் மற்றவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். புட்டிப் பாலில் மாவு கலந்து கொடு என்று ஒருவர். நாக்கில் தேன் தடவு என்று இன்னொருவர். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம் என்பது அவருக்குத் தெரியாது. சளி மருந்து கொடுத்தால் அசந்து தூங்கும் என்று ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். மூன்றே நாளில் தூங்க வைக்கிறோம் என்று பயிற்சி விற்கிறார்கள், ஆடும் படுக்கை விற்கிறார்கள். தூங்காத தாயின் பயத்தில் இப்படிக் காசு பார்ப்பவர்கள் மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ராத்திரி முழுக்க நின்றவளிடம் காலை ஒன்பது மணிக்கு முழு வேலையையும் எதிர்பார்க்கும் அலுவலகங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது. சரி, அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

குழந்தை எப்படித் தூங்குகிறது? அம்மா எப்படித் தூங்குகிறார்? இந்த இரண்டையும் கேளுங்கள். "முடியலை" என்று ஒரு தாய் சொன்னால், அடுத்த பெயரைக் கூப்பிடாதீர்கள். குழந்தை தூங்கும் நேரத்திலும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், அது வெறும் அசதியாக இல்லாமல் மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கண்டறிய எடின்பரோ கேள்வித்தாள் 1987 முதல் இருக்கிறது. மொத்தம் 10 கேள்விகள், காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, எடை ஏறாமலிருப்பது என்று, எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லுங்கள். ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், என்ன செய்தாலும் சில சமயம் நிற்காது. அப்போது கோபம் தலைக்கேறினால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நிற்கலாம், அதனால் நீங்கள் கெட்ட அம்மா ஆகிவிட மாட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு நொடி பிடித்துக் குலுக்கினாலும் மூளையில் ரத்தம் கசியலாம் என்று அப்பாக்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் குரலில் கேட்டால்தான் வீட்டில் மற்றவர்களும் நம்புவார்கள்.

மருத்துவருக்கு நேரமில்லை என்றால் எடை பார்க்கும் செவிலியர் கேட்கட்டும். அதற்கும் ஆளில்லை என்றால், நாங்கள் பத்திரமாக வைத்திருக்கும் தடுப்பூசி அட்டையில் எடை, நீளம், தலைச் சுற்றளவுக்குக் கீழே தூக்கத்துக்கென்று ஒரு கட்டம் சேருங்கள். வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறோம். நீங்கள் அதைப் படித்துப் பார்த்து எங்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஐந்து மாதக் குழந்தையின் அம்மா