முதல் நாள் வதந்திக்கு யார் பதில் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்தி உண்மையா பொய்யா என்று இனி ஏஐ செயலிகளே சரிபார்த்துவிடும் என்ற கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2023 மார்ச் மாதம் இங்கே என்ன நடந்தது என்பதைப் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், அயர்னிங்கில் வேலை பார்த்த பீகார்ப் பையன் போனை நீட்டினான். நடுத்தெருவில் ஒருவரை வெட்டுகிற வீடியோ, மேலே இந்தியில் இரண்டு வரி. "அக்கா, எங்க ஆளுங்கள இங்க கொல்றாங்களாம். அம்மா அழுவுது, உடனே வான்னு சொல்லுது" என்றான். போன் பிடித்த கை நடுங்கியது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் அவனும் அவன் அறையில் தங்கியிருந்த நான்கு பேரும் ரயில் ஏறிவிட்டார்கள். இரண்டு பேர் இன்றுவரை திரும்பவில்லை.

பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். அதாவது காட்சி அசல், மேலே எழுதிய வரிதான் பொய். வீடியோ செயற்கையாகச் செய்ததா என்று மட்டும் பார்க்கிற செயலியில் போட்டிருந்தால், அசல் என்றுதான் பதில் வந்திருக்கும். பையன் இன்னும் பயந்திருப்பான்.

இந்தச் செயலிகள், நாம் கொடுப்பதை இணையத்தில் இருப்பவற்றோடும், ஏற்கெனவே யாரோ விசாரித்து எழுதியவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எங்கள் டேபிளிலும் அதே வேலைதான். வாங்குகிறவர் ஒப்புக்கொண்ட மாதிரி, அதாவது அப்ரூவல் சாம்பிள், பக்கத்தில் இருந்தால்தான் கலர் சரி, அளவு சரி என்று சொல்ல முடியும். சாம்பிள் இல்லாமல் பீஸைக் கொடுத்தால், சாம்பிள் வரட்டும் என்று தள்ளிவைப்போம். செயலி பல நேரம் தள்ளிவைப்பதில்லை, தெரிந்த மாதிரியே பதில் சொல்லிவிடுகிறது. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, சூடானின் கார்ட்டூம் விமான நிலையத்தில் எடுத்த பழைய காட்சியை, பாகிஸ்தானின் நூர் கான் விமானப்படைத் தளத்தில் ஏவுகணை விழுந்த காட்சி என்று எக்ஸ் தளத்தில் இருக்கும் குரோக் என்ற ஏஐ செயலி சொன்னது.

நானும் போன மாதம் ஒரு சண்டை வீடியோவின் படத்தை ஒரு ஏஐ செயலியில் போட்டு, எந்த ஊர் என்று கேட்டேன். திருப்பூர் பஸ் ஸ்டாண்டு போல் தெரிகிறது என்றது. இல்லையே, ஈரோடு மாதிரி இருக்கே என்றேன். மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, ஈரோடுதான் என்றது. எனக்கே அது எந்த ஊர் என்று தெரியாது. சும்மாதான் சொன்னேன்.

பழைய வதந்தி திரும்பச் சுற்றும்போது செயலி நன்றாகவே உதவும், அதை மறுக்கவில்லை. புதிதாக ஒன்று கிளம்பும் முதல் சில மணி நேரத்தில் அது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. அப்போது அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்கிற நிருபர் உங்களிடம்தான் இருக்கிறார். அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயலியை வைத்துவிடாதீர்கள். அவர் விசாரித்ததை ஊர், தேதியோடு இணையத்தில் உடனே போடுங்கள். படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போட்டால் தேடுகிறவர்களுக்கும் கிடைக்கும், செயலிக்கும் கிடைக்கும். அப்புறம், இந்த மாதிரி விஷயத்தில் இந்தியிலும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அன்று மதியம் அந்தப் பையனிடம் காட்ட என் கையில் அப்படி இரண்டு வரி இல்லை.

இப்படிக்கு,
செக்கிங் மேற்பார்வையாளர்,
திருப்பூர்.