மகள் என்ற இடத்தில் சிரிப்பு

ஜெலுத்தோங், பினாங்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று நீ போன் பண்ணியபோது பின்னால் சின்னவன் அழுகிற சத்தம் கேட்டது. "ஒன்னுமில்லப்பா, ஸ்பெல்லிங் டெஸ்ட்ல பத்துக்கு நாலு. ரெண்டு போட்டேன்" என்றாய். போனை வைத்ததும் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் நீங்க காட்டுன வழிதான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பி கலக்கப் போய்விட்டாள். வாட்சாப்பில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் காகிதம்.

அவன் டெஸ்ட் தாளை நீ படமெடுத்து அனுப்பினாயே, பார்த்தேன். தப்பு எல்லாம் ஒரே கூட்டம். ஓ, யூ, ஜி, எச் நாலும் சேர்ந்து வருகிற வார்த்தைகள். த்ரூ என்றால் 'ஊ', தோ என்றால் 'ஓ', டஃப் என்றால் 'அஃப்', காஃப் என்றால் 'ஆஃப்', மரக்கிளையைச் சொல்லும் பவ் என்றால் 'அவ்', தாட் என்றால் வெறும் 'ஆ'. எழுத்து நாலுதான், வாயில் ஆறு வேஷம். இங்கிலாந்தில் லஃப்பரோ என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஒரு பெயரிலேயே இந்த நாலெழுத்தும் இரண்டு தடவை வரும், இரண்டுக்கும் வேறு வேறு சத்தம். உன் பையன் டஃப் என்பதை டி, யூ, எஃப், எஃப் என்று எழுதியிருக்கிறான். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். டாக்சியைத் தெக்சி என்று கேட்டபடியே எழுதிப் பலகை மாட்டிய நாடு இது. இங்கே மலாய் வாத்தியாரிடம் கொடுத்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

நான் ஈய எழுத்துகளைக் கையால் கோக்கும் கம்போசிங் வேலை பார்த்த அச்சகத்துக்கு, ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் புரூஃப் பார்க்க வருவார். அந்த ஜி-எச் எங்கிருந்து வந்தது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அது சும்மா ஒட்டிக்கொண்ட எழுத்து இல்லையாம். ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து காறினாற்போல ஒரு சத்தம் இருந்தது. பிரெஞ்சு வழி படித்த எழுத்தர்கள் அதை ஜி-எச் என்று எழுதிவைத்தார்கள். அப்புறம் சத்தம் ஊருக்கு ஊர் தேய்ந்தது. சில வார்த்தையில் அடியோடு போனது, சிலதில் 'ஃப்' ஆக மாறியது. ஜெர்மன்காரர்கள் இன்னும் விடவில்லை. இரவுக்கு நாஃக்ட், மகளுக்கு டோஃக்டர், சிரிப்பதற்கு லாஃகென்.

வாத்தியார் சொல்லச் சொல்ல எனக்கு நம்ம ஆய்த எழுத்துதான் நினைவுக்கு வந்தது. அஃது, இஃது, எஃகு. அந்த மூன்று புள்ளியைத் தொண்டையிலிருந்து சரியாகச் சொல்ல இப்போது எத்தனை பேரால் முடியும்? ஆனால் எழுத்திலிருந்து எடுத்தோமா? இல்லை, இங்கிலீஷ் 'எஃப்' சத்தத்துக்கு வேலைக்கு வைத்துவிட்டோம். ஃபேன், ஃபோன், ஆஃபீஸ். காறல் போய் 'ஃப்' வந்த கதை அங்கேயும் அதேதான். இதை அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

எழுத்து ஏன் அப்படியே நின்றுபோனது என்பதை ஒரு அச்சுக்காரன் எளிதாகப் புரிந்துகொள்வான். 1476-இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அச்சகங்கள் கொஞ்சங்கொஞ்சமாக எழுத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவந்தன. அந்தச் சமயத்தில்தான் ஜனங்களின் வாய் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கோத்து முடித்த பக்கத்தைக் கலைக்க எவனுக்கு மனசு வரும்? போதாததற்கு உரிமையே இல்லாத சிலதும் உள்ளே புகுந்தன. டிலைட் என்கிற வார்த்தை பிரெஞ்சிலிருந்து வந்தது, அதில் ஜி-எச் கிடையாது. பக்கத்தில் லைட் நிற்பதைப் பார்த்து யாரோ செருகிவிட்டார்கள். விக்கலைச் சொல்லும் ஹிக்கப்பும் அப்படித்தான். இருமலுக்குச் சொந்தம் என்று நினைத்து அதன் வாலில் காஃபை ஒட்டி எழுதினார்கள். பெரியவர்களே இப்படி எழுதியிருக்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு இரண்டு அடி.

இப்போது உன்னிடம் சொல்லாத ஒன்று.

1979. உன் அம்மாவைப் பெண் பார்க்கக்கூடப் போகவில்லை அப்போது. ஒரு கல்யாண அட்டை, தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம், முன்னூறு பிரதி. பழைய வேலையின் எழுத்துகளைக் கலைத்து அதனதன் அறையில் போட்டபோது 'டி' அறையில் 'எல்' ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. எழுத்துகள் இருக்கும் கேஸ் பெட்டியில் கை பழக்கத்தில்தான் போகும், கண் பார்க்காது. இன்னாரின் இரண்டாவது டாட்டர் என்று வர வேண்டியது இரண்டாவது லாஃப்டர் என்று வந்துவிட்டது. ஒரே எழுத்து, மகள் சிரிப்பாகிவிட்டாள். நல்லவேளை, முன்னால் ஒரு 'எஸ்' சேரவில்லை. சேர்ந்திருந்தால் ஸ்லாட்டர், ஆடு வெட்டுகிற வேலை. புரூஃபை நானும் பார்த்தேன், வாத்தியாரும் பார்த்தார், பெண்ணின் அப்பாவும் பார்த்தார். மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. முன்னூறும் அடித்துக் காய்ந்த பிறகு கட்டுக் கட்ட வந்த பையன்தான் கண்டுபிடித்தான்.

முதலாளி அட்டையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மறுபடி அடி" என்றார். காகிதக் காசைச் சம்பளத்தில் பிடிக்கவில்லை. சாயங்காலம் லெபோ பாசார் பக்கம் கூட்டிக்கொண்டு போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

நீ மூன்றாம் ஆண்டு படித்தபோது த்ரூவை டி, எச், ஆர், யூ என்று எழுதினாய். சாப்பாட்டு மேசையில் வைத்து ஐம்பது தடவை எழுதச் சொன்னேன். முப்பதாவதில் மறுபடி தப்பு வந்தது. ரோத்தான் பிரம்பை எடுத்தேன். உள்ளங்கையில் இரண்டு. நீ மறந்திருக்க மாட்டாய், உன் அம்மாவும் மறக்கவில்லை. அந்த நேரம் எனக்கு அந்த அட்டை ஞாபகம் வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும் அடித்தேன். தப்பு என்னுடையதம்மா.

நீ இருக்கிற கிளாஸ்கோ பக்கம்தானே லோமண்ட் ஏரி? ஏரியை அங்கே லோஃக் என்பார்களாம், தொலைந்துபோன அந்தச் சத்தத்தோடு. வயசானவர்கள் நைட்டைக்கூட நிஃக்ட் என்பார்களாம். சின்னவனுக்கு அது இந்நேரம் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். ஞாயிறு போன் பண்ணும்போது அவனை விட்டுச் சொல்லச் சொல், எனக்குக் கேட்க வேண்டும்.

தப்பாக அடித்த அந்த அட்டைகளில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். பெயர்கள் வேண்டாம் என்று அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். அவனிடம் காட்டி, தாத்தா என்ன தப்பு பண்ணினார் என்று கேள். எவ்வளவு நேரமானாலும் அவனே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லிவிடாதே.

அப்பா