கிளியோபாட்ராவின் முகத்தைக் காசில் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கரூரில் பிறந்தவள். 1989 முதல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். இங்கே தபால் நிலைய கவுன்டரில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சென்ற ஞாயிறு இணைப்பில் பண்டைய எகிப்து அரசி கிளியோபாட்ராவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டுரையின் மேலே கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஒரு முகத்தைப் போட்டு, ‘உண்மை முகம்’ என்று கீழே எழுதியிருந்தீர்கள். உள்ளே, நாணயங்களைப் பார்த்தால் அவர் அழகியே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி. எந்த நாணயம், எங்கே அடித்தது, யாருக்காக அடித்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நாணயத்தின் படமும் இல்லை. 20 வருடத்துக்கு மேல் அந்த நாணயங்களோடு பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த ஒரு வரி அவருக்குச் செய்த அநியாயம்.

2001-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் கிளியோபாட்ரா பற்றிய ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. நகைகளையும் சிலைகளையும் பார்க்கத்தான் போனேன். ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கருத்துப்போய்க் கிடந்த ஒரு வெண்கலக் காசின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். அன்றாடம் காசு எண்ணிய கை அல்லவா! அந்தக் காசின் ஓரம் தேய்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே, இது பத்திரமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த காசு இல்லை, நூற்றுக்கணக்கான கைகளில் புழங்கிய காசு என்று புரிந்தது. கிளியோபாட்ராவின் தலைநகரமான அலெக்சாந்திரியாவில் மீன் வாங்கியவர்களும் எண்ணெய் விற்றவர்களும் அந்த முகத்தைத் தொட்டிருப்பார்கள். நானும் ஒரு நாள் தொட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதுதான் ஆரம்பம்.

அந்தக் காசு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு பக்கம் வலப்புறம் பார்த்த அரசியின் முகம். தலைமுடியை நெற்றியிலிருந்து பின்னால் வரிவரியாகப் பிரித்து, முலாம்பழத்தின் கோடுகள் மாதிரி இழுத்துவிட்டு, பிடரியில் சின்னக் கொண்டையாக முடிந்திருப்பார். நெற்றியைச் சுற்றி அரசுரிமையைக் காட்டும் துணி நாடா. கிரீடம் கிடையாது. மறுபக்கம் இடியாயுதத்தின் மேல் நிற்கும் கழுகு, அதன் முன்னால் செழிப்பைக் காட்டும் ஒரு வளக்கொம்பு. கழுகுக்குப் பின்னால் ஒரு கிரேக்க எழுத்து இருக்கும். ‘பை’ என்றால் 80 திராக்மா, ‘மியூ’ என்றால் 40; திராக்மா என்பது கிரேக்கர்களின் பண அலகு. நம் பழைய கணக்கில் ‘க’ என்றால் ஒன்று, ‘ய’ என்றால் பத்து என்று எழுதியதைப்போல கிரேக்கர்களும் எழுத்தையே எண்ணாகப் பயன்படுத்தினார்கள். எண்பது சுமார் 26 மில்லிமீட்டர் அகலம், கையில் கனமாக உட்காரும். நாற்பது அதைவிடச் சின்னது, 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

கழுகைச் சுற்றி இரண்டே சொற்கள்: ‘கிளியோபாட்ராஸ் பசிலிசேஸ்’. அரசி கிளியோபாட்ராவுடையது என்று பொருள். கி.மு. 51-இல் அவர் அரியணை ஏறியபோது தம்பியும் கூடவே அரசன். அந்தத் தம்பிக்குப் பிறகு இன்னொரு தம்பி, அப்புறம் மகன். ஏட்டில் எப்போதும் பக்கத்தில் ஓர் ஆண் இருந்தான். காசில் இல்லை. முகமும் அவருடையது, பெயரும் அவருடையது மட்டும்தான்.

அலெக்சாந்திரியாவின் பெரிய வெள்ளி நாணயங்களில் அவர் காலத்திலும் குலமுதல்வரான முதலாம் தாலமியின் முகத்தைத்தான் அடித்தார்கள். தாலமி இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த முகத்தை மாற்றவில்லை. கிளியோபாட்ரா காலத்தில் அந்த வெள்ளியிலும் கலப்படம் ஏறி, வெள்ளியின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தன் முகத்தை அவர் வைத்தது சாதாரண ஜனங்களின் கைக்குப் போகும் வெண்கலத்தில். மதிப்பு இவ்வளவு என்று எண்ணையும் அதிலேயே பொறித்தார். இதைப் பற்றி உங்கள் கட்டுரை இரண்டு பத்தி எழுதியிருக்கலாமே என்று எனக்கு ஆதங்கம்.

சரி, மூக்குக்கு வருவோம். காசில் மூக்கு வளைந்துதான் இருக்கிறது, தாடையும் எடுப்பாகத்தான் இருக்கிறது. முதலாம் தாலமியின் நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் அதே எடுப்பான தாடை, அதே அழுத்தமான மூக்கு. நான் இந்தக் குடும்பத்துப் பிள்ளை, இந்த நாடு எனக்கு உரியது என்று படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி அந்த முகம் சொல்கிறது. ஆள வந்தவர் தன் உரிமையைக் காட்ட அடித்த முகத்தை, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாம் எடைபோடுகிறோம்.

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2007 பிப்ரவரியில் நியூகாஸில் பல்கலைக்கழக மியூசியத்தில் ஒரு சின்ன வெள்ளி நாணயத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். கி.மு. 32-இல் அடித்தது, ஒரு பக்கம் அவருடைய துணையான ரோமானியத் தளபதி ஆண்டனி, மறுபக்கம் கிளியோபாட்ரா. மறுநாள் உலகமெங்கும் பத்திரிகைகளில் ‘கிளியோபாட்ரா அழகி இல்லை’ என்று செய்தி. எங்கள் தபால் நிலையத்தில்கூட அதைப் பற்றிச் சிரித்துப் பேசினார்கள். அது ரோமானிய நாணயம், ஆண்டனிக்காக அடித்தது. ஆண்டனியோடு சேர்த்து அடித்த வெள்ளிகளில் இரண்டு முகங்களும் ஒன்றைப்போல ஒன்று ஆகிவிடும். கழுத்து தடிக்கும், தாடை முரடாகும். அலெக்சாந்திரியாவின் வெண்கலத்தில் இருப்பது அதைவிட இளமையான, அமைதியான முகம். ஒரே பெண்ணின் இரண்டு காசுகள், இரண்டு வேறு அரசியல். பெர்லினிலும் வத்திக்கானிலும் இருக்கும் பளிங்குத் தலைகளைக் கிளியோபாட்ரா என்று அறிஞர்கள் அடையாளம் சொல்வதற்கே இந்த நாணயங்கள்தான் ஆதாரம். கம்ப்யூட்டர் படத்துக்கு என்ன ஆதாரம், ஐயா?

சேர்க்க ஆரம்பித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் யாராவது படித்தால் உதவும். 2003-இல் இணைய ஏலத்தில் 90 பவுண்டு கொடுத்து ஒரு நாற்பது திராக்மா வாங்கினேன். அப்போது அது எனக்குப் பெரிய தொகை. வந்த காசை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு. பழைய காசு என்றால் சுத்தியலால் அச்சு அடித்த காசு. இதுவோ அச்சுக்குழியில் உலோகத்தை ஊற்றி வார்த்த போலி. விற்றவர் பதிலே போடவில்லை. பணம் போனதைவிட, அந்த முகத்தை முதல்முதலாகத் தொட்டுவிட்டேன் என்று ஒரு ராத்திரி முழுக்கச் சந்தோஷப்பட்டது பொய்யாகப் போனதில்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு ஏலத்தில் எதுவும் வாங்கவில்லை. புளூம்ஸ்பரி பகுதியில் ஒரு ஹோட்டலில் நடக்கும் நாணயச் சந்தைக்குப் போய், ஒரு வருடம் வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கையில் எடுத்து எடை பார்க்கவும், விளிம்பைப் படிக்கவும், ‘ஸ்வோரோனோஸ் 1871’ என்றால் எண்பது, ‘1872’ என்றால் நாற்பது என்று அந்தக் கிரேக்க அறிஞரின் பட்டியல் எண்ணைச் சொல்லிக் கேட்கவும் அங்கேதான் கற்றேன். இன்னொன்றும் கற்றேன். எகிப்து 1983-இல் கொண்டுவந்த 117-ஆம் எண் சட்டத்தோடு தொல்பொருள் வியாபாரத்தை அடியோடு நிறுத்திவிட்டது. அதனால் அதற்கு முன்பே எகிப்தைவிட்டு வெளியே வந்த காசு என்பதற்குப் பழைய சேகரிப்புச் சீட்டோ, ஏலப் பட்டியலோ காட்டினால்தான் வாங்குவேன். அழகான ஒரு எண்பதை இந்தக் காரணத்தாலேயே திருப்பி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மண்ணைத் தோண்டித் திருடியவனுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பென்னிகூடப் போகக்கூடாது.

இப்படி வாங்கிய முதல் நல்ல நாற்பதுக்கு நேர்ந்ததைச் சொல்லவே இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கரூரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஆடி வெள்ளிக்குக் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் துலக்கியவர், மேஜைமேல் களிம்பு ஏறிக் கிடந்த காசையும் பார்த்திருக்கிறார். நான் வேலை முடிந்து வரும்போது அது புதுச் செம்புக் குடம் போலச் சிவந்து, விளக்குகளுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாயிரம் வருடத்தில் படிந்த கரும்பச்சைத் தோல் போய்விட்டது. அந்தத் தோலில்தான் கழுகின் இறகுகள் இருந்தன. கொண்டையின் பின்னலும் போயிற்று. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ‘யாரும்மா இந்தப் பொண்ணு, லட்சணமா இருக்காளே’ என்று கேட்டார். அம்மா இப்போது இல்லை. அந்தக் காசை நான் யாருக்கும் விற்கமாட்டேன்.

பழைய வெண்கலக் காசு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். கெட்டியான, வழவழப்பான பச்சை அதைக் காப்பாற்றும். வெளிர்பச்சையாக மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் பயப்பட வேண்டும், அதை வெண்கல நோய் என்பார்கள். ஈரம்தான் அதற்குத் தீனி. மெத்தென்ற பிவிசி உறைகளில் போடாதீர்கள், அதுவே பச்சையாகக் கசிந்து காசைத் தின்னும்.

இன்றைக்கு என்னிடம் அவருடையவை மூன்று: அம்மா துலக்கிய நாற்பது, தேய்ந்த ஒரு எண்பது, இன்னொரு நல்ல நாற்பது. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது அவருடையது இல்லை. கி.மு. 30-இல் அவர் இறந்து, ரோமானியத் தலைவர் ஆக்டேவியன் எகிப்தைப் பிடித்த பிறகு அதே அலெக்சாந்திரியாவில் அடித்த எண்பது. அதே கழுகு, அதே வளக்கொம்பு, அதே ‘பை’. அவர் முகம் இருந்த இடத்தில் ஆக்டேவியன் முகம், ‘தெய்வத்தின் மகன்’ என்ற எழுத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ராஜ்யம் முடிந்தது தெரியும். அவர் போட்ட கணக்கைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை ஜெயித்தவனுக்கு.

என்னிடம் இல்லாத ஒன்று சைப்ரசில் அடித்த வெண்கலம். அதில் அஃப்ரோடைட் தேவியின் கோலத்தில் கிளியோபாட்ரா, கையில் குழந்தை. சீசருக்குப் பிறந்த சிசேரியன் அது. எல்லாம் முடியப்போகிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளையை நிறையச் செல்வத்தோடு எத்தியோப்பியா வழியாக இந்தியாவுக்கு அனுப்பினார் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். 17 வயதுப் பையன். ஆக்டேவியன் உன்னை அரசனாக்கக் கூப்பிடுகிறார் என்று வாத்தியாரே நம்பவைத்துத் திருப்பி அழைத்துப்போக, அங்கே கொன்றுவிட்டார்கள். எங்கள் அமராவதி ஆற்று மணலில் அரித்தால் அகஸ்டஸ், திபேரியஸ் முகம் போட்ட ரோமானிய வெள்ளிக்காசு கிடைக்கும். அந்த அகஸ்டஸ்தான் இந்த ஆக்டேவியன். அவர் தலை எங்கள் ஊர்வரை வந்தது. அந்தப் பிள்ளை வந்து சேரவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை கிளியோபாட்ராவைப் பற்றி எழுதும்போது அவரே அடிக்கச் சொன்ன முகத்தைப் போடுங்கள். இங்கே பிரிட்டிஷ் மியூசியத்தின் 68-ஆம் அறை முழுக்க நாணயங்கள்தான். லண்டன் வரும் வாசகர்கள் மம்மிகளைப் பார்த்துவிட்டு அங்கேயும் ஒரு எட்டு போய் வர வேண்டும். என் எண்பது திராக்மாவின் இரண்டு பக்கப் படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், நீங்கள் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தவை. மூக்கு நுனி தேய்ந்திருக்கிறது, கொண்டை நன்றாகத் தெரியும். பின்பக்கம் ‘பசிலிசேஸ்’ என்ற சொல்லில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் காசின் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்