பதினேழாம் தேதி வரைக்கும் பொறுங்களேன்

சிங்கப்பூரில் எங்கள் பங்குக் கோயில் தமிழ்ச் சமூகத்தின் கிறிஸ்துமஸ் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் பாடற்குழுத் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேர் என்னை அக்கா என்பீர்கள், மீதிப் பேர் ஆன்ட்டி என்பீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகும் இந்த வருடக் கேரல் அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு மாலையே தொடக்கம், ஒரு ராத்திரிக்கு 14 வீடு, வீட்டுக்கு 12 நிமிடம். போட்டவரின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் வரை எந்த புளோக்குக்கு அப்புறம் எந்த புளோக் என்றுகூடக் குறித்திருக்கிறார். கேசரி யார் வீட்டில், மீகூன் யார் வீட்டில் என்பதும் இருக்கிறது. ஆனால் நான்கு வாரத்தில் ஒரு கட்டத்தில்கூட செபம் என்ற சொல்லைக் காணோம்.

போன வருடம் நானும் உங்களோடு வந்தேன். ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவர், கட்டிலைச் சுற்றி நின்று இரண்டு பாட்டுப் பாடினோம், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட தம்பி மிட்டாய் கொடுத்தார், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிட்டுப் போங்கம்மா" என்றார். தொடங்கினேன். கீழே வேன் ஹார்ன் அடித்தது, லிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூப்பிட்டார். அந்தச் செபத்தை முடித்தேனா, பாதியில் விட்டேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை. இந்த வருடமும் அந்த வீட்டுக்கு 12 நிமிடம்தான் போட்டிருக்கிறீர்கள்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் நவம்பரிலேயே விளக்குப் போட்டுவிடுகிறார்கள், சரி, அவர்களுக்கு வியாபாரம் நடக்க வேண்டும். கடைத்தொகுதிகளோடு போட்டி போட நமக்கென்ன அவசரம்? திருச்சபையே இந்த நாட்களில் வேண்டுமென்றே சில விஷயங்களை நம்மிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறது. ஃபாதர் ஊதா உடுப்புப் போடுகிறார். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் கிடையாது. நான்கு வாரம் வாயை மூடி வைத்திருந்து, கிறிஸ்துமஸ் ராத்திரியில் 'உன்னதங்களிலே' என்று எடுக்கும்போது, அந்த வானதூதர்கள் முதல்முறை பாடியதுபோலக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். வாத்தியங்களைக்கூட அளவோடு வாசியுங்கள், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடாதீர்கள் என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையிலேயே எழுதியிருக்கிறது. பாடற்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி, உங்களைச் சொல்லவில்லை. கொஞ்சம் உங்களையும்தான் சொல்கிறேன்.

நமக்குக் காத்திருக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சிங்கப்பூரர்களுக்கா தெரியாது! என் மகளும் மருமகனும் தெங்காவில், பதிந்த பிறகே கட்டத் தொடங்கும் பிடிஓ வீடு ஒன்றைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அடிக்கடி அங்கே போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள், அஸ்திவாரத்துக்குப் பைலிங் முடிந்ததா, எத்தனையாவது மாடி ஏறியிருக்கிறது, நம் ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று. பார்க்க ஒன்றுமே இருக்காது, வெறும் சேறும் கிரேனும். ஆனாலும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஏதோ கிடைத்த மாதிரி முகத்தோடு வருவார்கள். பைலிங் போடுகிற இடத்தில் போய் யாரும் பால் காய்ச்சவில்லை. திருவருகைக் காலம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் அந்த வேலிதான் ஞாபகம் வருகிறது. செபமும் பெரும்பாலான நாட்களில் அப்படித்தானே, ஒன்றும் தெரியாது, சும்மா போய் நிற்கிறோம்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று யாக்கோபு திருமுகத்திலிருந்து ஒரு வாசகம் வரும். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாகக் காத்திருக்கும் விவசாயியைப் பாருங்கள் என்பார். துவாஸ் பக்க வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளிலிருந்து நம் தமிழ்த் திருப்பலிக்கு வரும் தம்பிகளில் சிலர் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள், நம்மைவிட அவர்களுக்குத்தான் அந்த வரி நன்றாகப் புரியும். ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான். உங்கள் அட்டவணையில் அவர்கள் இல்லை, ஏனென்றால் கேரல் போக அவர்களுக்கு இங்கே வீடு இல்லை. பிலிப்பினோ சகோதரிகளைப் பாருங்கள், கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது நாள் 'சிம்பாங் காபி' என்ற திருப்பலி வைக்கிறார்கள், நாள் முழுக்க வீட்டு வேலை செய்த களைப்போடு வந்து உட்காருகிறார்கள்.

கேரலே வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் அவ்வளவு சிடுமூஞ்சியும் இல்லை. டிசம்பர் 17இலிருந்துதான் வழிபாடே பிறப்பு விழாவை நோக்கி நேராகத் திரும்புகிறது, அதுவரைக்குமாவது பொறுங்கள். மீதி வீடுகளுக்குக் கிறிஸ்துமஸ் முடிந்து போகலாம். 25ஆம் தேதியோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டுகிறோமே, கிறிஸ்துமஸ் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் இருக்கிறது. மூன்று ராசாக்கள் திருநாளில் வீட்டுக் கதவைத் தட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? அப்போது வீடு குறைவாக இருக்கும், நேரம் கூடுதலாக இருக்கும், படுத்திருக்கும் பெரியவர் பக்கத்தில் செபமாலையில் ஒரு பத்து மணியாவது நிதானமாகச் சொல்லலாம்.

அப்புறம் இன்னொன்று. 17ஆம் தேதிக்கு முன் வரும் புதன்கிழமைகளில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரை கோயிலைத் திறந்து வையுங்கள். உரை வேண்டாம், பவர்பாயிண்ட் வேண்டாம், வரவேற்புரை நன்றியுரை எதுவும் வேண்டாம். திருவருகைக் கால வளையத்தில் அந்த வாரத்து மெழுகுவத்தி மட்டும் எரியட்டும், வருகிறவர்கள் வேலை உடுப்போடே வந்து உட்காரட்டும், தூங்கினாலும் பரவாயில்லை. முதல் புதன்கிழமை நான்கு பேர்தான் வருவோம் என்று நினைக்கிறேன், அதை வைத்து "ஆதரவு இல்லை" என்று அடுத்த கூட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

சாவி வாங்கித் திறந்து பூட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். விசிறி ஓடினால் போதும், மைக்கைப் பூட்டியே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பின்வரிசையில் தூணை ஒட்டி உட்காரும் உங்கள் அக்கா