காணும் பொங்கலன்று திருப்பி அனுப்பிய வேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது. நேற்று ராத்திரி நீ கூப்பிட்டு, "என்னம்மா, நம் தோப்புப் பெயின்ட்பால் மைதானத்துக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள், பொங்கல் நேரத்தில் 18 பேர் வந்திருக்கிறார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கக் கூடாதா" என்று கேட்டாய். "சரிப்பா, பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் இல்லை. அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார், அந்த ஆள் எழுதியதெல்லாம் அவர் காதில் விழுந்தால் விடிய விடியத் தூங்க மாட்டார். அதனால்தான் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக வரும், அவசரமாகப் படிக்காதே, லீவு நாளில் படி.

அன்று என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காணும் பொங்கல், மூன்று மணி வாக்கில் வேன் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்களாம். முன்பணம் கட்டியிருந்தார்கள். இறங்கும்போதே இரண்டு பேரிடம் குடித்த வாடை அடித்தது, அவர்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். முறைத்தார்கள், ஆனால் உட்கார்ந்தார்கள். மற்ற 16 பேருக்கும், ஆட்டத்தைக் கண்காணிக்கிற நம் மார்ஷல் பையன் பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒருவர் கண்ணையும் முகத்தையும் காக்கிற மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு செல்ஃபி எடுக்கிறார். அதுவும் மைதானத்து நடுவில், எதிரே ஆறு பேர் சுட்டுக்கொண்டிருக்கும்போது. விசில் அடித்து நிறுத்தினோம், சாரி சொன்னார், விட்டோம். ரெண்டாவது தடவையும் அவரேதான், இந்தத் தடவை கூட இன்னொருவரும். மூன்றாவது தடவை விசில் அடித்தபோது, நம் பையன் காலடியில் நாலைந்து பெயின்ட் பாலைச் சுட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதோடு ஆட்டத்தை முடித்துவிட்டேன். பெயின்ட் கன்னையெல்லாம் வாங்கி வைத்து, கன் பேரலுக்கு உறை போட்டு, மீதி இருந்த பாலை எண்ணி, பெஞ்சில் இருந்த இரண்டு பேருக்கும் சேர்த்து 7,400 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். நம் மார்ஷல் பையன் நின்றுகொண்டே அழுதான், அது எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். நாம் ஆரம்பித்த ரெண்டாவது வருஷம், ஆவணி மாதம், கல்லூரிப் பிள்ளைகள் 12 பேர் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள், சொன்னதைக் கேட்டு விளையாடினார்கள். முதல் நாள் மழை பெய்து அன்று வெயில் அடித்தது, அந்தப் புழுக்கம் உனக்குத் தெரியும். ஒரு பையனுக்கு மாஸ்க் உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைக்கலாம் என்று லேசாகத் தூக்கியிருக்கிறான். அந்த நொடியில் ஒரு பால் அவன் புருவத்தில் பட்டது. ரத்தம். நானும் உன் சித்தப்பாவும் காரில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், வழி முழுக்க அவன் "ஆண்ட்டி எனக்குத் தெரியுது, தெரியுது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். டாக்டர் பார்த்துவிட்டு, அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் என்றார். இரண்டு தையல். மறுநாள் அவன் அப்பா வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், அவர் போடவில்லை, தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்மா அவன் மாஸ்க்கைத் தூக்க வேண்டி வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஏனென்றால் தப்பு நம் பக்கம்தான் இருந்தது. மாஸ்க்கை நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய துணியால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். ஆவி படியாமல் இருக்க லென்ஸின் உள்பக்கம் ஒரு பூச்சு இருக்குமாம், அது இரண்டே மாதத்தில் போய்விட்டது. அதற்கப்புறம்தான் ரெண்டு அடுக்கு லென்ஸ் வாங்கினோம், நீயும் "எதற்கம்மா இவ்வளவு விலையில்" என்று கேட்டாய், நான் காரணம் சொல்லவில்லை. அதைத் தண்ணீரில் முக்கக்கூடாது, இரண்டு அடுக்குக்கும் நடுவில் நீர் இறங்கிவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் காயவைத்து, மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இன்றைக்கும் ராத்திரி 40 மாஸ்க்கையும் நானேதான் துடைக்கிறேன், வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

மைதானத்துக்குள்ளேயே இரண்டு இடத்தில் வலை அடித்துச் சின்னக் கூண்டு மாதிரி போட்டிருக்கிறேனே, போன தடவை வந்தபோது பார்த்தாய். மாஸ்க் மங்கினால் கையைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போய்க் கழற்றித் துடைத்துக்கொள்ளலாம், யாரும் அவர்களைச் சுடக்கூடாது, ஆட்டத்திலிருந்து வெளியேறியதாகவும் கணக்கு இல்லை. அது வந்த பிறகு மாஸ்க்கைத் தூக்குகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் ஒருவர் போட்டோவுக்காகக் கழற்றுகிறார் என்றால், அவரிடம் அனுசரித்துப்போக என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை தம்பி.

அந்தப் பால் கோலிக்குண்டு அளவுதான், மூன்று கிராம் இருக்கும். மேலே ஜெலட்டின் தோல், உள்ளே தண்ணீரில் கரையும் சாயம். ஆனால் வினாடிக்கு 280 அடி வேகத்தில் வந்தால் அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். தொடையில் பட்டால் கன்றிப்போய் ஒரு வாரத்தில் மறையும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். பெரும்பாலான மைதானங்களில் வினாடிக்கு 300 அடியைத் தாண்ட விடுவதில்லை, நான் 260 அடிக்கு மேல் வைப்பதில்லை. முதலில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தோமே, சித்திரை வெயிலில் அதன் அழுத்தம் ஏறி, காலையில் 260 காட்டிய கன் மதியம் 300ஐத் தாண்டியது. வேகம் அளக்கிற குரோனோ மெஷினில் அதைப் பார்த்த அன்றே ஆட்டத்தை நிறுத்தினேன். காற்று கம்ப்ரசருக்கு மாறின பிறகு வேகம் ஒரே சீராக நிற்கிறது, இருந்தாலும் ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் எல்லாக் கன்னையும் சுட்டுப் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறோம். கரண்ட் போய்விட்டால் கம்ப்ரசர் ஓடாது, அதற்காக முதல் நாளே சிலிண்டரை நிரப்பி வைத்துவிடுவேன்.

வருகிறவர்களைப் பற்றி நீ தவறாக நினைக்க வேண்டாம். நூறு பேரில் 95 பேர் தங்கமானவர்கள். சண்டை வருவது பெரும்பாலும் காசில்தான், அதற்கும் பாதிக் காரணம் நாம்தான். 600 ரூபாய்க்கு 50 பால் என்று சொன்னோம், ஆனால் 50 பால் எவ்வளவு நேரம் வரும் என்று சொல்லவில்லை. வந்த வேகத்தில் தடதடவென்று சுட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும், உடனே "ஏமாற்றுகிறீர்களா" என்று கேட்பார்கள். இப்போது போன் பண்ணும்போதே சொல்லிவிடுகிறேன்: பார்த்துச் சுட்டால் ஒரு மணி நேரம், கண்டபடி சுட்டால் ஐந்து நிமிஷம், கூடுதல் பாலுக்கு இவ்வளவு, அடி பட்டால் வலிக்கும், முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள், வெள்ளை வேட்டியோடு வராதீர்கள். நாலு பேர் இதைக் கேட்டுவிட்டு வராமல் போகிறார்கள்தான். வருகிறவர்கள் சண்டை போடுவதில்லை. இந்த விளையாட்டை முதன்முதலில் 1981ல் அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆடியபோது, மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுகிற கன்னைத்தான் வைத்து ஆடினார்கள், ஜெயித்தவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்று நீ சொன்னாயே, அதை எல்லாக் குழுவுக்கும் சொல்கிறேன். பையன்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள், அப்புறம் பாலைச் சிக்கனமாகச் சுடுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற அப்பாக்கள்தான் ரொம்பக் கஷ்டம். எட்டு வயசுப் பிள்ளை அழும், "ஒரே ஒரு ரவுண்டு மேடம், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அவர் கையெழுத்து அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு ஈடாகாது. 12 வயசுக்குக் கீழே இல்லை என்று சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து, வலைக்கு வெளியே வைத்த பலகையில் குறி பார்த்துச் சுட விடுகிறேன், மாஸ்க்கோடுதான். அதற்குக் காசு வாங்குவதில்லை.

தோப்புக்கு வெளியே இருப்பவர்களையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது, அது வாடிக்கையாளர்களுக்குப் புரிவதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் வடக்கு வயலில் குறுவை நடவு தொடங்கிவிடும். குனிந்து நடுகிற பெண்களின் முதுகுக்கு நேராகக் கன் வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? வலை இருக்கிறது, பால் தாண்டாது, இருந்தாலும் அந்த நாட்களில் வடக்குப் பாதியை மூடிவிடுகிறேன். பாதி மைதானத்துக்கு ஏன் முழுக் காசு என்று கேட்பவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறேன். போன ஐப்பசியில் மேலத்தெரு நாய் ஒன்று கீழே சிந்திக் கிடந்த பாலைத் தின்றுவிட்டுத் தள்ளாடி விழுந்தது. அது நாய்க்கு விஷம் மாதிரியாம், உடம்பில் உப்பு ஏறிவிடுமாம், கால்நடை டாக்டர்தான் சொன்னார். ஒரத்தநாட்டுக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தோம். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் துடைப்பத்தோடு இறங்கி உடையாத பாலை ஒன்று விடாமல் பொறுக்குகிறோம்.

மழைக்காலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஈரத்தில் பால் ஊதிப் பேரலிலேயே உடைகிறது, பெட்டியையெல்லாம் பத்தாயம் இருக்கிற அறையில் வைத்து, ரெண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைக்கிறேன். நெல் வைத்த அறை இல்லையா, குளுமை மாறவே மாறாது. களிமண்ணில் வழுக்கி விழுவதால் கார்த்திகை முழுக்க மூடிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அப்பா கஜா புயலுக்கப்புறம் எப்படி இருந்தார் என்று உனக்கு நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, விடியும்போது பாதித் தோப்பு படுத்துக் கிடந்தது. தென்னை வைத்துக் காய்க்க ஆறேழு வருஷம், அதுவரைக்கும் என்ன செய்வது என்று நீ யோசித்து, சம்பளத்தைச் சேர்த்து அனுப்பி, காலியாய்க் கிடந்த இடத்தில் இதை ஆரம்பித்தாய். விழுந்த மரத்தையே மறைவுக்குப் போட்டோம், மட்கின கட்டையில் காண்டாமிருக வண்டு பெருகி அடுத்த தோப்பின் குருத்தைத் தின்ன ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் எடுத்து எரித்தோம். ஒவ்வொன்றும் அப்படித்தான் பட்டுத் தெரிந்துகொண்டோம். நீ போட்ட காசு எனக்கு அற்பமில்லை. அதனால்தான் ஒரு பிள்ளை இங்கிருந்து கண் போய் வீட்டுக்குத் திரும்பினால் அப்பா அந்தத் தோப்புக்குள் மறுபடி கால் வைக்க மாட்டார் என்று பயப்படுகிறேன். நானும் வைக்க மாட்டேன்.

அந்த ஸ்டார் விஷயத்துக்கு நீ பதில் எழுதச் சொன்னாய். இப்படிப் போடு: "உங்கள் குழுவில் மூன்று முறை மைதானத்துக்குள் மாஸ்க் கழற்றப்பட்டது. எங்கள் மார்ஷலின் காலடியில் சுடப்பட்டது. அதனால் ஆட்டத்தை நிறுத்தினோம், பயன்படுத்தாத பாலுக்குப் பணம் கொடுத்துவிட்டோம். விதியை ஏற்று வருவதானால் எப்போதும் வாருங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வாடை அடித்ததை எழுதாதே, அவர்கள் வீட்டுப் பெண்களும் படிப்பார்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்.

அப்புறம், மார்ஷல் பையனுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்? சித்திரையில் வரும்போது ரெண்டு அடுக்கு லென்ஸ் பத்து வாங்கி வா, பழைய மாஸ்க்கின் போட்டோவை அனுப்புகிறேன், அதே அளவாகப் பார்த்து வாங்கு. சின்னப் பிள்ளைகளுக்கு 0.50 அங்குல அளவில் சின்னப் பால், கொஞ்சம் மெதுவாக அடிக்கிற கன் இருக்கிறதாமே, அதன் விலையும் விசாரி. நாளைக்குத் தேங்காய் பறிக்க ஆள் வருகிறது. காய்ந்த மட்டை, முற்றின காய் ஒன்றுகூட ஆடுகிற இடத்துக்கு மேலே தொங்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அதனால் நாளை முழுக்க மைதானம் மூடல். சாயந்தரம் உன் போனுக்குக் காத்திருப்பேன், அப்பாவிடமும் பேசு.

அன்புடன்,
அம்மா