நம் திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினோரு முறை கூடினோம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அந்த அறையில் உட்கார முடியாது என்பதால் மே மாதம் விடுமுறை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டீச் செலவு கூடியிருப்பதாக அவர் சொல்லப்போகிறார். அதற்குக் காரணம் நான் இல்லை, ஜப்பான். எட்டுக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் போட்டோம், பேசினோம், கதவைப் பூட்டினோம். மீதி மூன்று கூட்டங்களையும் ஒரே படம் எடுத்துக்கொண்டது. அதனால் அறிக்கையிலும் அதுவே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது.

ஹயாவோ மியாசாகி இயக்கி 2001இல் ஜப்பானில் வெளியான 'ஸ்பிரிடட் அவே' என்ற அனிமேஷன்தான் அந்தப் படம். தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சிஹிரோ என்ற பத்து வயதுப் பெண் வீடு மாறிப் போகும் வழியில் பெற்றோருடன் ஒரு சுரங்கவழிக்குள் நுழைகிறாள். கேட்பாரற்றுக் கிடந்த சாப்பாட்டை அள்ளித் தின்ற அம்மாவும் அப்பாவும் பன்றியாகிவிடுகிறார்கள். தேவதைகளும் ஆவிகளும் வந்து குளித்துப் போகும் வெந்நீர் விடுதியில் அவள் வேலைக்குச் சேர்ந்து பெற்றோரை மீட்க வேண்டும். 2002இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதும், அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கிய படம்.

ஆகஸ்டில் ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலுமாகப் போட்டோம். 'மூலக் குரலில்தான் பார்க்க வேண்டும்' என்று அடம்பிடித்தவன் நான்தான். அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஆறு ஸ்பீக்கருக்கான ஒலித்தடத்தை நம்மிடம் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் விட்டுவிட்டோம். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். நமக்கு நடு ஸ்பீக்கரே கிடையாது. இசை வந்தது, காற்று வந்தது, கார் உறுமியது. பேச்சு மட்டும் வரவில்லை. பத்து நிமிடம் இப்படி ஓடியிருக்கிறது. அறை நிறைய ஆள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் சப்டைட்டில் படித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பையன்தான் கேட்டான்: "இவங்க ஏன் பேச மாட்டேங்கிறாங்க?"

அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவனுக்குக் காது இருந்தது.

வயரை மாற்றி முதலிலிருந்து போட்டோம். ஆனால் படம் முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தை வைத்தே என்னை வறுத்தெடுத்தார்கள். "மூலக் குரல், மூலக் குரல்னீரு. குரலே இல்லாதது உமக்கே தெரியலையே" என்றார் துணைத் தலைவர். பதில் இல்லை. டீ இரண்டாம் சுற்று அப்போதுதான் சொல்லப்பட்டது என்பதைப் பொருளாளர் குறித்துக்கொள்ளவும்.

அன்று வந்த மற்ற கருத்துகளையும் பதிவு செய்கிறேன். நிலக்கரி சுமக்கும் கரிப்பொட்டுக் குட்டி ஆவிகளுக்குக் கொதிகலன் அறையில் நட்சத்திர வடிவச் சர்க்கரை மிட்டாயைத் தூவுவார்களே, கொன்பெய்தோ என்று அதற்குப் பெயர், அதைப் பார்த்ததும் இடைவேளைக்கு வைத்திருந்த நம் ஊர்க் கடலை மிட்டாய் டப்பாவைப் பிள்ளைகள் காலி செய்துவிட்டார்கள். கோவில்பட்டியில் இதைப் புகாராக எழுதக் கூடாது. ஒரு தாயார் சொன்னது மட்டும் உண்மையான புகார்: மறுநாள் இரவு பரோட்டாக் கடையில் அப்பா மூன்றாவது பரோட்டா கேட்டதும் பையன் ஓவென்று அழுதிருக்கிறான். அடுத்த முறை அறிவிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

சேறும் நாற்றமுமாக ஒரு விருந்தாளி வருவதும், அதன் உடம்பில் குத்தியிருக்கும் ஒன்றைப் பிடித்து எல்லாரும் இழுக்க, சைக்கிளும் குப்பையும் சரிந்து கொட்டி, கடைசியில் அது ஓர் ஆற்றுத் தெய்வம் என்று தெரிவதும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. மியாசாகி தானே ஓர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போன அனுபவம்தான் அது. சிஹிரோவுக்கு உதவும் ஹாக்கு என்ற பையனும் ஓர் ஆறுதான். ஆற்றை மூடி மேலே குடியிருப்பு கட்டிவிட்டதால் திரும்பிப் போக இடமில்லாதவன். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த உறுப்பினரின் தம்பி ஒருவர், "மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, லேக்தான் இல்ல" என்றார். தி. நகரே ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழிலும் வெளியானது. நம் இளைஞர் அணி கூட்டமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாமும் ஏன் டப்பிங்கில் போடக் கூடாது என்று என் மேல் பாய்ந்தது. ஜனவரியில் யூகோ சாகோவின் பழைய ஜப்பானிய இராமாயண அனிமேஷனும் தமிழ்க் குரலோடு வந்தது. அப்போது வாயை மூடிக்கொண்டிருந்த நான் இப்போது தப்பிக்க முடியவில்லை. 'ஸ்பிரிடட் அவே' ஜப்பானில் 3,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து வைத்திருந்த சாதனையை 2020இல் முறியடித்ததே டீமன் ஸ்லேயரின் முந்தைய படம் ஒன்றுதான் என்று ஒரு கல்லூரி மாணவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். சரி, அதற்கும் டப்பிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "தமிழ்ல வந்தா எங்க ஆச்சியும் பார்க்கும்ல" என்றார். சம்பந்தம் இருக்கத்தான் செய்தது.

ஆகவே, தமிழ் இல்லாவிட்டாலும், அக்டோபரில் 'ஸ்பிரிடட் அவே'யை ஆங்கில டப்பிங்கில் போட்டோம். டிஸ்னிக்காக ஜான் லாசெட்டர் மேற்பார்வையில் கிர்க் வைஸ் இயக்கிய குரல் வடிவம் இது. 2002இல் அமெரிக்காவில் வந்தது. சிஹிரோவுக்கு டேவி சேஸ், சூனியக்கிழவி யூபாபாவுக்கு சூசன் பிளெஷெட். குறை சொல்லவே உட்கார்ந்தேன், பெரிதாகக் கிடைக்கவில்லை. பிளெஷெட் குரலில் இருக்கும் சிகரெட்டுக் கரகரப்பு அந்தப் பெரிய தலைக்கு அப்படிப் பொருந்துகிறது. எனக்கு உறுத்தியது குரல் இல்லை, கூடுதலாகச் சேர்த்த பேச்சு. பாலத்தில் நின்று அந்த மாளிகையை முதன்முதலாகப் பார்க்கும் சிஹிரோ ஜப்பானிய வடிவத்தில் ஒன்றும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'இது குளியல் விடுதி' என்கிறாள். வாசல் திரையில் இருக்கும் 'யு' என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்தாலே ஜப்பானியப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், யு என்றால் வெந்நீர். அமெரிக்கப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும். கடைசியில் காரில் ஏறிக் கிளம்பும்போதும் அப்படித்தான்: மூலத்தில் அவள் பேசாமல் திரும்பிப் பார்ப்பதோடு சரி, ஆங்கிலத்தில் அப்பா புது வீடு, புதுப் பள்ளி, பயமாயிருக்கா என்பதுபோலக் கேட்க, மகள் சமாளித்துக்கொள்வேன் என்கிறாள். இது படத்தின் மேல் உட்கார்ந்து எழுதிய கோனார் நோட்ஸ் என்று நான் சொன்னேன்.

பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நடத்துநர் அண்ணாச்சி, "நல்லவேளை சொல்லிச்சு தம்பி. போன தடவ நான் கடைசி வரைக்கும் அது கோயில்னுதான் நெனச்சேன்" என்றார். நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அப்புறம் அதே வேகத்தில் சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்றும் என் வாதத்தைப் பலவீனமாக்கியது. ஜப்பானில் பெரும்பாலும் படத்தை வரைந்த பிறகுதான் குரல் சேர்க்கிறார்கள். 'ஆஃப்டர் ரெக்கார்டிங்' என்பதைச் சுருக்கி ஆஃப்ரெகோ என்பார்கள். வரைந்த வாய்க்கு யார் பேசினாலும் அது பின்னால் பேசியதுதான், மூலம் உட்பட. நாயகிக்கு வேறொருவர் குரலைக் கேட்டே வளர்ந்த தமிழ் ரசிகனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. படத்தில் வரும் முகமில்லாத ஆவி ஒரு தவளையை விழுங்கியதும் தவளையின் குரலில் பேசத் தொடங்குமே, "அதுதான் சார் டப்பிங் ஆர்ட்டிஸ்ட்" என்றார் அதே மாணவர். அவரை அடுத்த ஆண்டு செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன்.

நவம்பர்க் கூட்டத்தில் படம் போடவில்லை. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, நாமே தமிழில் எழுதிப் பேசிப் பார்த்தோம். யூபாபா வேலை கொடுத்துப் பெயரைப் பிடுங்கும் காட்சி. இரண்டு நிமிடம்கூட வராது. மூன்றரை மணி நேரம் ஆனது.

சிஹிரோ என்ற பெயர் இரண்டு எழுத்துகளால் ஆனது. ஒப்பந்தத் தாளிலிருந்து எழுத்துகள் எழுந்து யூபாபாவின் கைக்குள் போக, ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. தனியாக நிற்கும்போது அந்த எழுத்தை 'சென்' என்று படிப்பார்கள், ஆயிரம் என்று பொருள். அதாவது வேறு பெயர் வைக்கவில்லை, அவள் பெயரையே வெட்டி மிச்சத்தைக் கொடுக்கிறாள். ஆங்கிலத்தில் சிஹிரோ, சென் இரண்டும் ஒட்டாத இரு ஒலிகளாக நிற்கின்றன. தமிழில் என்ன செய்வது? கண்மணியை மணி ஆக்கலாம் என்றார் ஒருவர். அது செல்லப்பெயர் ஆகிவிடும் என்று தள்ளப்பட்டது. அப்போது நம் தமிழாசிரியர் ஐயா எழுந்து கரும்பலகையில் 'கமலா' என்று எழுதினார். பின்னால் இருந்த மலாவைத் துடைத்தார். மிஞ்சியது 'க'. "இது என்ன?" என்றார். க என்றோம். "தமிழ் எண்ணில்?"

ஒன்று.

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. 'இனிமே உன் பேரு ஒன்று.' ஜப்பானிய வேடிக்கை அப்படியே தமிழில் உட்கார்ந்துவிட்டது, ஆயிரம்தான் ஒன்றாகக் குறைந்தது. தமிழ் எண் எந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்று இளைஞர் அணி கேட்டது நியாயம்தான். ஐயா அதற்கும் பதில் வைத்திருந்தார்: "தெரியாதவன் வீட்ல போய்க் கேக்கட்டும்."

அதே காட்சியில் இன்னொரு இடம். பெயரைக் கேட்டதும் யூபாபா சொல்லும் வார்த்தை ஜப்பானியத்தில் 'ஸெய்தாகு', ஆடம்பரம். உனக்கு இது ஆடம்பரமான பெயர் என்கிறாள். ஆங்கிலம் அதை 'அழகான பெயர்' ஆக்கிவிட்டது. நாங்கள் 'உனக்கெதுக்கு இவ்வளவு பெரிய பேரு?' என்று எழுதினோம். எழுதியதை வாசித்ததும் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பேசினார்கள். மூன்று ஆண்டாக வருகிறார்கள், அதுவரை கூட்டத்தில் பேசியதில்லை. சிறு வயதில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர்கள்.

"எங்க ஆபீசுல எம்பேர்ல மூணு பிள்ளைக. கணக்குப்பிள்ளை என்னப் பதினேழுன்னுதான் கூப்பிடுவாரு, டோக்கன் நம்பரு. வீட்டுக்குப் போனப்புறம் அம்மா பேரச் சொல்லிக் கூப்பிட்டா சில நாளு திரும்ப மாட்டேன்" என்றார்கள். "இந்தப் பிள்ளைக்கும் பத்து வயசுதான?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வரியை மாற்றாமல் வைத்துக்கொண்டோம்.

வேறு சில முடிவுகள் எட்டப்பட்டன, சில எட்டப்படவில்லை. கொதிகலன் அறைக் கிழவர் காமாஜியைச் சிஹிரோ 'தாத்தா' என்றே கூப்பிடலாம், மறுப்பில்லை. அவருக்கு நன்றி சொன்னாயா என்று விடுதிப் பணிப்பெண் லின் அதட்டும் இடத்தில், நம் பிள்ளை தாத்தாவிடம் நன்றி என்று சொல்லாது, 'போய்ட்டு வாரேன் தாத்தா' என்றுதான் சொல்லும் என்பது பெரும்பான்மைக் கருத்து. யூபாபா 'நீ' என்பாள், சிஹிரோ 'நீங்க' என்பாள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த ஏற்றத்தாழ்வு ஜப்பானியத்தில் இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. லின் 'ஏட்டி' என்று கூப்பிடலாமா, பொதுத்தமிழ் பேச வேண்டுமா என்பதில் வாக்கெடுப்பு சமமாக முடிந்தது.

தீராமல் நிற்பது ஒரு சொல். கருப்பு அட்டைப்பூச்சி போன்ற ஒன்றைச் சிஹிரோ காலால் மிதித்துவிட, காமாஜி 'எங்காச்சோ' என்று கத்தி, அவள் விரல்களைச் சேர்த்துப் பிடிக்க, குறுக்கே கையால் வெட்டுவார். அசிங்கத்தை மிதித்தவனிடமிருந்து ஒட்டாமலிருக்க ஜப்பானியப் பிள்ளைகள் செய்யும் விளையாட்டுச் சைகை அது. ஒருவர் 'தீட்டு' என்று போடலாம் என்றார். அறையில் உடனே சூடு ஏறியது. அந்தச் சொல்லை வைத்து இந்த ஊரில் யாரும் விளையாடியதில்லை, அதை அனுபவித்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுந்து சொன்னவரின் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். 'திருஷ்டி' ஒட்டவில்லை. 'ச்சீ, துப்பு துப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறோம். நல்ல சொல் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுக்கவும்.

இனி மற்றவை. புரொஜக்டர் விளக்கு மங்கிவிட்டது, மாற்ற வேண்டும். ஒலிக்கருவி வாடகைக்குக் கொடுத்தவர் வயர் ஒன்றைக் குறைத்துக் கொடுத்ததாகச் சந்தேகம், நிரூபிக்க முடியவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. அவர்களுக்கே தெரியும்.

பிப்ரவரியில் இரண்டாவது காட்சியாகக் காமாஜியின் கொதிகலன் அறையைத் தமிழில் பேசிப் பார்க்க உத்தேசம். குரல் கொடுக்க விரும்புவோர் என்னிடம் பெயர் தரலாம். யூபாபாவுக்கு மட்டும் ஏற்கெனவே நான்கு பேர் போட்டியில் இருக்கிறார்கள், துணைத் தலைவர் உட்பட. சிஹிரோவுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்